சந்தைக் கணக்கை நோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் அம்மாவோடு உட்கார்ந்து கீரை விற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை, 32 ரூபாய்க்கு வாங்கியவர் 50 ரூபாய்த் தாளை நீட்டினால் 18 ரூபாயைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிடும். மறுநாள் பள்ளியில் 50 − 32 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தால் அதே பிள்ளை 22 என்று எழுதலாம். பூஜ்யத்திலிருந்து 2 போகாது, அதனால் இரண்டிலிருந்து பூஜ்யம் போக 2. ஐந்தில் மூன்று போக 2. இதைக் கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை. பிள்ளையின் மனசில் இவை இரண்டும் ஒரே கணக்கே அல்ல. ஒன்று மீதிச் சில்லறை கொடுப்பது. மற்றது, கோட்டுக்கு மேலே உள்ள எண்களைக் கோட்டுக்குக் கீழே இறக்குவது.

இது நம் ஊர் விசயம் மட்டுமல்ல. 1985-இல் பிரேசிலின் ரெசிஃபி நகரில், தெருவில் விற்கும் பிள்ளைகளிடம் டெரெசின்யா கராஹேரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். விற்கும் இடத்திலேயே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37-தான் சரி. ஒரு பையனிடம், தேங்காய் ஒன்று 35 என்றால் 10 தேங்காய் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். அவன் 35-க்குப் பின்னால் பூஜ்யம் போடவில்லை. மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் மூன்று 315, கடைசியாக ஒன்று, ஆக 350 என்று வந்து சேர்ந்தான். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களோடு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. கூடவே மறுபக்கத்தையும் காட்டுகிறது: பள்ளிக் கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள்.

ஆகவே "பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்கள், கணக்கு தானாக வரும்" என்பது பாதி உண்மைதான். கடைக்கு அனுப்பினால் கடைக் கணக்கு வரும். அது நோட்டுக்கு வர நடுவில் ஒரு பாலம் கட்டவேண்டும். கீழே இருப்பதெல்லாம் அந்தப் பாலத்தைக் கட்டும் வேலைதான். ஒன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரைக்கும் பொருந்தும்.

முறை: செய், சொல், வரை, எழுது

எந்தக் கணக்கானாலும் இந்த நாலையும் இதே வரிசையில் செய்யவேண்டும். முதலில் கையால் செய்வது: கொட்டை, குச்சி, தானியம், காசு எதுவானாலும் சரி. அடுத்து, செய்ததை வாயால் சொல்வது. பிறகு கோடாகவோ கட்டமாகவோ வட்டமாகவோ வரைவது. கடைசியில்தான் எண்ணும் குறியும். குழந்தைகள் செய்கை, படம், குறி என்ற வழியில் அறிகிறார்கள் என்று 1960-களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்னதுதான் இதற்கு அடிப்படை. பேச்சை நடுவில் சேர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. கையால் செய்த பிள்ளை வாயால் சொல்லாவிட்டால், அது நம்மைப் பார்த்து அப்படியே செய்ததா, புரிந்து செய்ததா என்று தெரியாது.

பெரும்பாலும் தவறு நடப்பது, முதலாவதிலிருந்து நேராக நாலாவதுக்குத் தாவும்போது. கொட்டையை அடுக்கிக் காட்டியாயிற்று, புரிந்திருக்கும் என்று நோட்டைத் திறந்துவிடுகிறோம். பிள்ளைக்குக் கொட்டை ஒரு விளையாட்டு, நோட்டு ஒரு தண்டனை என்று பிரிந்துவிடும். கொட்டையும் நோட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டும். ஒரு கொட்டை நகர்ந்தால் நோட்டில் ஒரு எண் மாறவேண்டும்.

நாளுக்கு 15 நிமிடம் போதும், பெரிய பிள்ளைகளுக்கு 20. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிட இது பல மடங்கு மேல்.

வேண்டிய பொருள்கள்

புளியங்கொட்டை 200. தருமபுரிப் பக்கம் மாசி, பங்குனியில் புளி தட்டும் வீடுகளில் கேட்டாலே அள்ளிக் கொடுப்பார்கள். கழுவி நன்றாக வெயிலில் காயவைக்கவேண்டும்; ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள்.

விளக்குமாற்று ஈர்க்குச்சி 120 துண்டு, ஒவ்வொன்றும் 10 செ.மீ. கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் 12. காலித் தீப்பெட்டி 10. ஒரு மீட்டர் நாடா, 10 செ.மீ.க்கு ஒரு பேனாக் கோடு. முடிச்சுப் போட்டு அடையாளம் வைக்காதீர்கள். முடிச்சு நீளத்தைத் தின்றுவிடும்.

இடமதிப்புச் சீட்டு 27. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டலாம். 1 முதல் 9 வரை 3 செ.மீ. அகலம், 10 முதல் 90 வரை 6 செ.மீ., 100 முதல் 900 வரை 9 செ.மீ. எண்ணெல்லாம் வலது ஓரத்தை ஒட்டி, 3 செ.மீ.க்கு ஒரு இலக்கமாக எழுதவேண்டும். 300 சீட்டின்மேல் 4 சீட்டை வலது ஓரம் சேர வைத்தால் 304 என்று தெரியவேண்டும். அகலம் பிசகினால் இந்தச் சீட்டால் பயனில்லை.

கடைசியாக ஒரு தராசு. 40 செ.மீ. நேரான குச்சி, நடுவில் ஒரு கயிறு, இரண்டு முனையிலும் ஒரே அளவுக் கொட்டாங்குச்சி. ஒவ்வொரு கொட்டாங்குச்சியிலும் சம தூரத்தில் மூன்று ஓட்டை, 30 செ.மீ. கயிறு மூன்று. வெறுமனே தூக்கிப் பிடித்தால் நேராக நிற்காது, அதில் ஆச்சரியமில்லை. மேலே ஏறும் பக்கத்தில் கொஞ்சம் களிமண் ஒட்டிச் சரிசெய்யுங்கள். இதில் நிறுக்கப் புளியங்கொட்டை ஆகாது, ஒவ்வொன்றும் ஒரு எடை. ஒரே அளவுக் கோலிக்குண்டோ, பட்டறையில் கிடைக்கும் ஒரே அளவு நட்டோ வேண்டும். ஓசூர்ப் பக்கம் நட்டுக்குப் பஞ்சமில்லை.

முதல் படி: எண்ணாமல் பார்ப்பது

"நூறு வரைக்கும் சொல்லுவான்" என்பது எண் தெரிந்ததற்கு அடையாளம் அல்ல. அது பாட்டு தெரிந்ததற்கு அடையாளம். தட்டில் நாலு கொட்டை வைத்துத் துணியால் மூடி, இரண்டு விநாடி திறந்து காட்டி மூடிவிட்டுக் கேளுங்கள். மூன்று, நான்கு வரை கண்ணே சொல்லிவிடும். அதற்கு மேல் போனால் ஐந்து ஐந்தாக வரிசையில் வையுங்கள். மேல் வரிசையில் ஐந்து, கீழே இரண்டு என்றால் ஏழு. இரண்டு கை விரலைப் போலவே இந்த வரிசையும் ஒரு வாரத்தில் மனசில் பதிந்துவிடும்.

அடுத்து ஒளிக்கும் ஆட்டம். எட்டுக் கொட்டையைப் பிள்ளையே எண்ணிக் கொடுக்கட்டும். கொஞ்சத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு மீதியைக் காட்டி, "என் கைக்குள்ள எத்தனை இருக்கு கண்ணு?" என்று கேளுங்கள். ஐந்து வெளியே என்றால் மூன்று உள்ளே. 10-க்குள் உள்ள எண்களை இப்படிப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் பாதி முடிந்த மாதிரி. இந்த ஆட்டத்துக்கு இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. அவசரப்படக்கூடாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

எண்ணும்போது விரல் ஒரு வேகத்திலும் வாய் ஒரு வேகத்திலும் போகும். அதனால் ஒரே கொட்டை இரண்டு முறை எண்ணப்படும். தொட்டு எண்ணச் சொல்லாமல், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தி எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்த கொட்டைகளைப் பரப்பி வைத்துவிட்டு "இப்ப எத்தனை?" என்று கேட்டால், சின்னப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து எண்ணும். திருத்தவேண்டாம். எண்ணட்டும், அதே எண் வருவதைத் தானே பார்க்கட்டும்.

தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கோ கன்னடமோதான். அங்கே பிள்ளை வீட்டு மொழியில் எண்ணினால் தடுக்காதீர்கள். அளவு முதலில் அந்த மொழியில் உறுதிப்படட்டும். 1, 2, 3 என்ற எழுத்து எல்லாவற்றுக்கும் பொது. தமிழ் எண்பெயரைப் பிறகு அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் கணக்கு வரவில்லையா, தமிழ் வரவில்லையா என்று ஆசிரியருக்கே தெரியாமல் போகும்.

இரண்டாம் படி: பத்துக் கட்டு

பலரும் இடமதிப்பைக் காசு வைத்துத் தொடங்குகிறார்கள். அது சரிவராது. பத்து ரூபாய் நாணயத்துக்குள் பத்து ஒற்றை ரூபாய் கண்ணுக்குத் தெரியாது. "பெரியவங்க சொன்னாங்க, அதனால பத்து" என்று பிள்ளை நம்பவேண்டியிருக்கிறது. முதலில் ஈர்க்குச்சிக் கட்டு: பத்துக் குச்சி, ஒரு ரப்பர் பேண்ட். கட்டும் தெரியும், உள்ளே இருக்கும் குச்சியும் தெரியும், வேண்டுமென்றால் அவிழ்க்கவும் முடியும். பிறகு தீப்பெட்டி: பத்துக் கொட்டையைப் போட்டு மூடியாயிற்று; உள்ளே இருப்பது தெரியாது, ஆனால் திறந்து பார்க்கலாம். அதற்குப் பிறகுதான் ரூபாய்த் தாள்.

முன்னூற்று நான்கு என்று சொன்னால் 3004 என்று எழுதுவது மூன்றாம் வகுப்பில் சர்வசாதாரணம். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுகிறது, 300, பக்கத்தில் 4. இதற்குத்தான் அந்தச் சீட்டு. 300-இன்மேல் 4-ஐ வைக்கும்போது கடைசிப் பூஜ்யம் மறையும், நடுப் பூஜ்யம் நிற்கும். "எந்தப் பூஜ்யம் ஒளிஞ்சுக்கிச்சு, எது வெளிய இருக்கு?" என்று கேளுங்கள். எடுத்துக் காட்டுங்கள், மறுபடி வையுங்கள். 304, 340, 34 மூன்றையும் அடுத்தடுத்து வைக்கச் சொன்னால் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: கழித்தல்

சந்தைக்காரர் கழிப்பதில்லை, கூட்டிக்கொண்டு போகிறார். 32-இலிருந்து, மூன்று ரூபாய் கொடுத்து 35, ஐந்து கொடுத்து 40, பத்து கொடுத்து 50. கொடுத்தது 18. முதலில் இந்த வழியையே நோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கோடு போட்டு, இடது முனையில் 32, வலது முனையில் 50. பிள்ளை தாண்டும் ஒவ்வொரு தாண்டலையும் வளைவாக வரைந்து, மேலே 3, 5, 10 என்று எழுதட்டும். கோட்டின் கீழே 35, 40. இந்தப் படத்துக்கு அளவுகோல் வேண்டாம், தூரம் சரியாக இருக்கவேண்டியதும் இல்லை. பக்கத்தில் 50 − 32 = 18 என்று எழுதுங்கள். சந்தையில் செய்ததுதான் இந்தக் கழித்தல் குறி என்பது முதல்முறையாகப் பிள்ளைக்கு அங்கேதான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி முறை. ஐந்து கட்டை எடுத்து வையுங்கள். 32-ஐ எடுத்துக்கொடு என்று கேளுங்கள். மூன்று கட்டை எளிதாக எடுத்துவிடும், இரண்டு குச்சிக்கு முழிக்கும். ஒரு கட்டை அவிழ்க்கவேண்டும் என்று அதுவே கண்டுபிடிக்கும் வரை பேசாமல் இருங்கள். இதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். அவிழ்த்ததும் நோட்டில் 5-ஐ அடித்து 4 என்று எழுதவேண்டும், 0-வின் இடத்தில் 10. கை ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம். ஒருவர் கட்டை அவிழ்க்க, இன்னொருவர் எழுத என்று இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்தால் இன்னும் நல்லது. "கடன் வாங்கு" என்பதற்குப் பதிலாக "கட்டை அவிழ்" என்றே முதல் மாதம் சொல்லுங்கள்.

304 − 128 போன்றதில் நடுப் பூஜ்யம் தடுக்கும். அங்கே நூறு குச்சிக் கட்டு ஒன்றைப் பத்துப் பத்துக் கட்டாகப் பிரித்து, அதில் ஒன்றை அவிழ்த்துக் காட்டவேண்டும். படம் வரைந்து சமாளித்தால் நிற்காது.

தராசு இங்கே ஒரு வேலைக்கு உதவும். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுங்கள். கட்டத்தில் 12 என்று எழுதும் பிள்ளைகள் அதிகம், சிலது 17 என்றும் எழுதும். சமக்குறி என்றால் "இங்கே விடை எழுது" என்று நினைத்திருப்பதுதான் காரணம். ஒரு தட்டில் எட்டும் நாலும் நட்டு, மறு தட்டில் ஐந்து நட்டு. தட்டு நேராக நிற்க இன்னும் எத்தனை? ஏழு போட்டதும் குச்சி படுக்கும். எட்டாம் வகுப்புச் சமன்பாட்டுக்கு விதை இங்கேதான் விழுகிறது.

நான்காம் படி: பெருக்கலும் வகுத்தலும்

முட்டை அட்டையைக் காட்டுங்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. திருப்பிப் பிடித்தால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. முட்டை முப்பதுதான். ஏழெட்டு (7 × 8) மறந்துபோனால் கொட்டையை ஏழு வரிசையாக, வரிசைக்கு எட்டாக அடுக்கி, ஐந்தாவது கொட்டைக்கு அப்பால் ஒரு குச்சியைச் செருகுங்கள். இந்தப் பக்கம் ஏழைந்து 35, அந்தப் பக்கம் ஏழு மூன்று 21, மொத்தம் 56.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யவேண்டுமா? வேண்டும். புரிந்தால் போதும், மனப்பாடம் வேண்டாம் என்பவர்கள் பிள்ளையை ஆறாம் வகுப்பில் பின்னத்தின் முன்னால் விரல்விட்டு எண்ணவைக்கிறார்கள். ஆனால் அடுக்கிப் பார்த்த பிறகு மனப்பாடம். மறந்த இடத்தில் மறுபடி கட்டிக்கொள்ள ஒரு வழி கையில் இருக்கவேண்டும்.

மாந்தோப்பு உள்ள வீடு என்றால் இதையே பரப்பளவு வரைக்கும் கொண்டுபோகலாம். பழைய முறையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி. எக்டேருக்கு 100 மரம், ஏக்கருக்குச் சுமார் 40. அடர் நடவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் வைத்தால் எத்தனை மரம்? இடைவெளி பாதியானால் மரம் இரண்டு மடங்கு என்று பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். கட்டத் தாளில் வரைந்தால் நான்கு மடங்கு என்று தெரியும்: ஏக்கருக்கு 160 கன்று. இந்த ஒரு படம் பரப்பளவு பற்றி ஒரு பாடத்துக்குச் சமம்.

வகுத்தலுக்கு இரண்டு முகம். பன்னிரண்டு தக்காளியை மூன்று பேருக்குப் பங்கு போடுவது ஒன்று. பன்னிரண்டு தக்காளியைக் கூறுக்கு மூன்றாகக் கூறு கட்டினால் எத்தனை கூறு என்பது இன்னொன்று. எழுத்தில் இரண்டும் 12 ÷ 3. பாடத்தில் பெரும்பாலும் பங்கு போடுவதோடு நிறுத்திவிடுகிறோம். 3 ÷ ½ என்று வரும்போது பிள்ளை திணறுவது அதனால்தான்: மூன்றை அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது? கூறு கட்டத் தெரிந்திருந்தால், மூன்று கிலோவை அரைக் கிலோ பொட்டலமாகப் போட்டால் ஆறு பொட்டலம் என்று முடிந்துவிடும்.

மீதிக்கு ஒகேனக்கல் பரிசல். ஒரு பரிசலில் நாலு பேர் என்று வைத்துக்கொண்டால் 22 பேருக்கு எத்தனை பரிசல்? "5, மீதி 2" என்று எழுதிவிட்டுப் போனால் இரண்டு பேர் கரையில் நிற்பார்கள். விடை 6. அதே 22 ரூபாயில் நாலு ரூபாய் மிட்டாய் எத்தனை வாங்கலாம் என்றால் விடை 5. கணக்கு ஒன்று, விடை வேறு. மீதியை என்ன செய்வது என்பதைக் கேள்விதான் சொல்லும், எண் சொல்லாது.

பல்லாங்குழியையும் விட்டுவிடாதீர்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து வீதம் 70. காயை அள்ளியதும் போடுவதற்கு முன்னால் "கடைசிக் காய் எந்தக் குழியில விழும்?" என்று கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: பின்னம்

பரணில் பித்தளைப் படியும் உழக்கும் ஆழாக்கும் கிடந்தால் இறக்குங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. ஆக, உழக்கு என்பது கால்படி, ஆழாக்கு என்பது அரைக்கால் படி. அளக்க ராகிதான் வசதி. தண்ணீர் சிந்தும், அரிசி மூலையில் இடம் விடும், ராகி பொடிசாக வழுக்கி நிரம்பும். கூம்பாக அளக்காதீர்கள், குச்சியால் தலை தட்டி அளக்கவேண்டும். கூம்பு விட்டால் நாலு உழக்கு படியைத் தாண்டி வழியும், பிள்ளை சொல்வது தப்பென்று ஆகிவிடும். பித்தளை இல்லாத வீட்டில் ஒரே அளவு டம்ளர் எட்டும், அந்த எட்டும் சரியாக நிரப்பும் ஒரு பாத்திரமும் போதும்.

இனி கேள்வி. 1/8 பெரிதா, 1/4 பெரிதா? எட்டு பெரிய எண், அதனால் 1/8 என்று வரும். வாதம் செய்யவேண்டாம். ஆழாக்கையும் உழக்கையும் கையில் கொடுங்கள். "படியை எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு பெருசா இருக்குமா, நாலாப் பிரிச்சாலா?" என்று கேட்டுவிட்டு அளக்க விடுங்கள்.

அடுத்த தவறு ½ + ¼ = 2/6. மேலே கூட்டி, கீழே கூட்டி. அரைப்படி ராகியைப் பாத்திரத்தில் கொட்டி, அதோடு ஒரு உழக்கு கொட்டுங்கள். 2/6 என்பது மூன்றில் ஒன்று, அரையைவிடக் குறைவு. ஏற்கெனவே அரை இருந்த பாத்திரத்தில் மேலும் கொட்டினால் எப்படிக் குறையும்? இந்த முரண் பிள்ளைக்கு உறைத்த பிறகுதான் விதி. முன்னால் சொன்னால் விதியும் நிற்காது, முரணும் தெரியாது. அரைப்படியை உழக்கால் அளந்து பார்க்கட்டும், இரண்டு. அதோடு ஒன்று சேர மூன்று உழக்கு, முக்கால் படி. ஒரே அளவையால் அளந்தால்தான் கூட்டமுடியும் என்பதே பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணை, சமமாக்குவதன் அர்த்தம். நோட்டில் 2/4 + 1/4 = 3/4 என்று எழுதும்போது உழக்கு பக்கத்திலேயே இருக்கட்டும்.

தசமத்துக்கு மின்னணுத் தராசு. 1.5 பெரிதா, 1.25 பெரிதா என்றால் 25 பெரிதென்று 1.25-ஐக் காட்டும் பிள்ளைகள் ஏராளம். கடைத் தராசில் மூன்று இலக்கம் வரும்: 1.500, 1.250. அதை எழுதிக் காட்டினால் சந்தேகம் போய்விடும். ஆனால் புள்ளி வைத்ததெல்லாம் தசமம் அல்ல. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நாலு ஓவர், மூன்று பந்து. இன்னும் நாலு பந்து போட்டால் 4.7 அல்ல, 5.1. கடிகாரத்தில் 1.30 என்பதும் அப்படித்தான், ஒன்றரை மணியைத் தசமத்தில் எழுதினால் 1.5. இந்த இரண்டையும் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டாவிட்டால் ஏழாம் வகுப்பு வரை குழப்பம் தொடரும்.

ஆறாம் படி: விகிதம், வட்டி, பெரிய எண்

இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. ஆறு டம்ளர் அரிசி போட்டால் உளுந்து எவ்வளவு? இரண்டு கூடியது, அதனால் உளுந்தும் இரண்டு கூடி மூன்று என்பார்கள். "இரண்டு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு?" என்று பாதியாக்கிக் கேளுங்கள், அரை டம்ளர் என்று வரும். நாலுக்கு ஒன்று, இரண்டுக்கு அரை, ஆறுக்கு ஒன்றரை. இதைப் பட்டியலாக எழுதவையுங்கள். சூத்திரம் பிறகு.

சதவீதத்துக்கு, வீட்டில் பெரியவர்கள் பேசும் "ரெண்டு வட்டி" போதும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். 10,000 ரூபாய்க்கு மாதம் 200, வருடத்துக்கு 2,400. அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் அது ஊர்ப் பேச்சில் ஒரு வட்டி. ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைப் போட்டுக் காட்டினால் வீட்டில் உள்ளவர்களே உட்கார்ந்து கேட்பார்கள்.

பெரிய எண்ணுக்குத் தினமும் நாளிதழிலேயே பாடம் வருகிறது: ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு 8,000 கன அடி என்று ஒரு நாள் செய்தி வந்ததாக வைத்துக்கொள்வோம். முதலில் அட்டையில் ஒரு கன அடிப் பெட்டி செய்யவேண்டும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 30.5 செ.மீ. அதில் 28.3 லிட்டர் பிடிக்கும். வீட்டுக் குடத்தை லிட்டர் அளவையால் அளந்து பாருங்கள். 14, 15 லிட்டர் வந்தால் ஒரு கன அடி இரண்டு குடம். அப்படியென்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் 16,000 குடம்.

அடுத்தது டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி; இந்த எண்ணைச் சொல்லிவிடாமல் 60 × 60 × 24 என்று பிள்ளையே வரட்டும். 8,000 × 86,400 = 69,12,00,000. அதாவது 69 கோடியே 12 லட்சம் கன அடி, ஏறக்குறைய 0.69 டி.எம்.சி. ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. வர விநாடிக்கு எவ்வளவு வேண்டும்? 100 கோடியை 86,400-ஆல் வகுத்தால் சுமார் 11,574 கன அடி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காலி அணை இந்த 8,000 கன அடியில் நிரம்ப எத்தனை நாள்? சுமார் 135. விடை வருவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு குத்துமதிப்பைப் பலகையில் எழுதட்டும். சிலர் "பத்து நாள்" என்பார்கள், சிலர் "பத்து வருசம்". குத்துமதிப்புக்கும் விடைக்கும் உள்ள தூரம்தான் அன்றைய பாடம். அணையிலிருந்து தண்ணீர் திறப்பதும் ஆவியாவதும் கணக்கில் இல்லையே என்று ஒரு பிள்ளையாவது கேட்டுவிட்டால், அன்று வீட்டுப்பாடம் கொடுக்கவேண்டியதில்லை.

உயரத்துக்குக் கிருஷ்ணகிரி அணை. அதன் முழு நீர்மட்டம் 52 அடி என்றால் எவ்வளவு? மாடி ஒன்றுக்குப் பத்தடி வைத்தால் ஐந்து மாடி.

பாலம் நிற்கிறதா என்று பார்ப்பது

63 − 27 என்று எழுதிக் கொடுத்து, விடை கேட்காமல் "இதுக்கு ஒரு சந்தைக் கதை சொல்லு" என்று கேளுங்கள். "63 மாங்காய் இருந்துச்சு, 27 வித்துப்போச்சு" என்றால் சரி. "ஒருத்தன்கிட்ட 63 ரூபா, இன்னொருத்தன்கிட்ட 27 ரூபா, மொத்தம்..." என்று போனால் குறி இன்னும் பேசவில்லை என்று அர்த்தம். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். சில பிள்ளைகள் "அவனிடம் 63, இவனிடம் 27, எவ்வளவு அதிகம்?" என்று ஒப்பிட்டுக் கதை சொல்லும். அது நன்றாகவே பிடிபட்டதற்கு அடையாளம்.

விடை சரியாக வந்தாலும் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே பிள்ளை அழித்துவிட்டு வேறு எண் எழுதும். சரியான விடையையும் அழித்துவிடும்.

பள்ளியில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பயிற்சித் தாள்கள் வருகின்றன. அவற்றுக்கும் இந்த முறைக்கும் சண்டையில்லை. அன்றைய தாளில் உள்ள கணக்கை எடுத்து, அதைக் கொட்டையில் செய்துவிட்டுத் தாளுக்குப் போகவேண்டியதுதான்.

ஆறாம் வகுப்பு வந்தும் கழித்தல் வராத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் மருந்து அதே குச்சிக் கட்டுதான். ஆனால் ஒன்றாம் வகுப்புத் தங்கச்சி பக்கத்தில் இருக்கும்போது குச்சியைக் கையில் கொடுத்தால் தொடமாட்டார்கள். அவர்களுக்குக் குச்சிக்குப் பதில் 100, 10, 1 ரூபாய்க் காகிதத் தாள்கள். பெட்டிக்கடைக் கல்லாவை மாலையில் முடிப்பது போல 304 ரூபாயில் 128 ரூபாயைச் சரக்குக்காரருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சில்லறை இல்லை, நூறை மாற்றவேண்டும். பத்துப் பத்தாய் மாற்றியதை நோட்டில் எழுதியபடியே போனால், ஒரு வாரத்தில் அந்த நடுப் பூஜ்யம் பிடிபட்டுவிடும். பிடிபட்ட பிறகு அதே பிள்ளையைத் தங்கச்சிக்குக் குச்சிக் கட்டு சொல்லிக்கொடுக்க உட்காரவைக்கலாம்.